வாழ்த்துகள் போதும், சண்டைக்கு வாங்க

2024 அக்டோபர் 28ஆம் தேதி பாரிஸில் ரோட்ரிக்கு பாலன் டி'ஓர் கொடுத்தார்கள். தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். நம் நேரத்துக்கு நடுராத்திரி தாண்டியிருந்தது. வினிசியஸ் ஜூனியருக்குத்தான் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த விருது அது. அவருக்கு இல்லை என்று சேதி கசிந்ததும் ரியல் மாட்ரிட்டிலிருந்து ஒரு ஆள்கூட விழாவுக்குப் போகவில்லை. விடிந்தபோது செம்பாக்கத்தில் யுத்தம். இங்கே டர்ஃபில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடும் பையன்களின் வாட்ஸப் குழுவில் ஒருத்தனும் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. "டிஃபென்ஸ் பண்றவனுக்கு எதுக்குடா தங்கப்பந்து?" "அவன் இல்லாத மேட்ச்ல சிட்டி எப்படித் தடுமாறுதுன்னு பாத்தியா?" ரோட்ரிக்கு 1170 புள்ளி, வினிசியஸுக்கு 1129. அந்த நாற்பத்தோரு புள்ளி வித்தியாசத்தைத் தன் சொந்த செமஸ்டர் மார்க்கைவிடத் துல்லியமாக மனப்பாடமாய் வைத்திருந்தான் ஒரு தம்பி.

அதே 2024இல் இன்னொரு விருதும் அறிவிக்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-24 பருவத்தின் சிறந்த வீராங்கனை என்று கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனைத் தேர்ந்தெடுத்தது. அவரும் ரோட்ரி போல நடுக்கள ஆட்டக்காரர்தான். ஆடாத நேரத்தில் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் நின்று டியூட்டி பார்த்தவர். அந்தச் செய்தி அதே வாட்ஸப் குழுவுக்கும் வந்தது. ஒரு படம், அதன் கீழே ரெண்டு கும்பிடு, ஒரு நெருப்பு, "பெருமை தமிழச்சி", "வாழ்த்துகள் அக்கா". அவ்வளவுதான், அடுத்த மெசேஜ் ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் புக்கிங் பற்றி.

ஒருத்தன், ஒரே ஒருத்தன், "ஏன் இவங்களுக்கு?" என்று கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். யாரும் அவரை இழிவாகப் பேசவில்லை, எல்லாரும் நல்ல பிள்ளைகள், வாழ்த்தினார்கள். நான் சொல்கிறேன், அந்த வாழ்த்துதான் அவமரியாதை. பார்க்காத ஆட்டத்துக்கு மட்டும்தான் இவ்வளவு ஒற்றுமையாகக் கை தட்ட முடியும்.

*

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கட்டுரை தன் பாதையைத் தேர்ந்துவிடும். ஐரோப்பியக் கால்பந்து மோகம், காலனிய மனம், மான்செஸ்டருக்கு ராத்திரி முழித்திருக்கிறவன் மதுரைக்கு முழித்திருப்பானா என்ற கேள்வி, கடைசியில் ஒரு பெருமூச்சு. அந்தக் கட்டுரையை நான் எழுதப்போவதில்லை. அது சோம்பேறித்தனமானது, பொய்யும்கூட. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டம் பார்க்கிற பையன் அடிமை கிடையாது. அவனுக்கு ஒரு ஆட்டக்காரன் பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறான் என்று பார்க்கத் தெரியும். இந்த ஊரில் அரிதான திறமை அது. அவனிடம் எனக்கு ஒரே ஒரு வழக்குதான்: அந்தக் கண்ணை ஏன் ஒரே திசையில் வைத்திருக்கிறாய்?

பாலன் டி'ஓர் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதை ஃபிஃபா ஆரம்பிக்கவில்லை. எந்த அரசும் ஆரம்பிக்கவில்லை. 'பிரான்ஸ் ஃபுட்பால்' என்ற ஒரு பத்திரிகை 1956இல் ஆரம்பித்தது. எழுதுகிறவர்கள் கூடி, ஐரோப்பாவின் வேறு வேறு நாடுகளில் எழுதுகிறவர்களைக் கேட்டு, புள்ளி போட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். ஸ்டான்லி மாத்யூஸ் 47, அல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ 44. மாத்யூஸுக்கு அப்போது 41 வயது, ஆடியது பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்கு. அன்றைக்கு யூடியூப் கிடையாது, நேரலை வீட்டுக்கு வீடு கிடையாது. ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் அந்த ரெண்டு பேரையும் எழுத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் மூன்று புள்ளி வித்தியாசம் அறுபத்தெட்டு வருஷம் கழித்தும் பதிவில் இருக்கிறது.

ஆக, தங்கப்பந்து தங்கத்தால் செய்ததில்லை. கணக்கு வைத்துக்கொண்ட எழுத்தால் செய்தது. இதை ஓர் இலக்கிய இதழில் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். விளையாட்டு மைதானத்தில் நடக்கிறது, உண்மை. ஆனால் 'சிறந்த ஆட்டக்காரர்' என்ற ஒன்று மைதானத்தில் நடப்பதில்லை. அது மறுநாள் காலை, பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்ளாமல் பேசும்போது உருவாகிறது.

*

அந்த விருதின் கதையே சண்டைகளின் கதை. 1994 வரை ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். பெலேவுக்குக் கிடையாது, மரடோனாவுக்குக் கிடையாது. இது என்ன நியாயம் என்று கேட்டுக் கேட்டு, 1995இல் ஐரோப்பிய கிளப்பில் ஆடும் எவருக்கும் என்று விதியை மாற்றினார்கள். மாற்றிய அதே வருஷம் லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வாங்கினார். 2007இல் உலகம் முழுக்கத் திறந்துவிட்டார்கள். 2016இல் அதே பத்திரிகை தன் பழைய கணக்கை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்து, பழைய விதி இல்லாதிருந்தால் பெலேவுக்கு ஏழு கிடைத்திருக்கும், மரடோனாவுக்கு ரெண்டு என்று தன் வாயாலேயே சொன்னது.

2010இல் உலகக்கோப்பை வாங்கிய இனியெஸ்டா இருக்க மெஸ்ஸிக்குக் கொடுத்தார்கள், இன்றைக்கும் தீராத பஞ்சாயத்து. 2013இல் ஓட்டுப் போடும் கடைசித் தேதியைத் தள்ளிவைத்தார்கள், ரொனால்டோ வாங்கினார், ரிபெரி மூன்றாமிடத்தில் நின்றார். 2020இல் கொரோனா என்று சொல்லி விருதையே நிறுத்தினார்கள், லெவண்டோவ்ஸ்கி பாவம். 2018இல் முதல்முறையாகப் பெண்களுக்குக் கொடுத்தபோது, மேடையில் நின்ற ஆடா ஹெகர்பெர்க்கிடம் தொகுப்பாளர் இடுப்பாட்டி ஆடத் தெரியுமா என்று கேட்டார். உலகமே காறித் துப்பியது. ஒவ்வொரு சண்டையும் அந்த விருதைச் சின்னதாக்கும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. சண்டை போடப் போட அது பெரிதானது.

உங்களுக்கு இது புதிதில்லை. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் சாகித்திய அகாதமி அறிவிப்பு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? யார் நடுவர், எந்தப் புத்தகத்துக்கு, அதே ஆளின் நல்ல நாவலை விட்டுவிட்டு ஏன் இதற்கு, சுந்தர ராமசாமிக்கே கொடுக்காத அகாதமிதானே என்று ஆரம்பித்து, ஒரு வாரம் யாரும் தூங்குவதில்லை. அந்த வாரம் எனக்குப் பிடிக்கும். அத்தனை அசிங்கத்துக்கும் நடுவில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: இந்த மொழியில் புத்தகங்களை யாரோ படித்திருக்கிறார்கள். படிக்காதவன் வாழ்த்துவான், படித்தவன்தான் சண்டை போடுவான்.

*

இப்போது நம் கால்பந்து விருதுக்கு வருவோம்.

சுனில் சேத்ரி ஏழு முறை வாங்கியிருக்கிறார். மெஸ்ஸியின் எட்டுக்கு ஒன்று குறைவு. மெஸ்ஸியின் எட்டில் எதெல்லாம் நியாயம், எது தள்ளுபடி என்று செம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் வருஷவாரியாகச் சொல்வார்கள். சேத்ரியின் ஏழில் எந்த வருஷம் வேறொருவருக்குப் போயிருக்க வேண்டும்? கேட்டுப் பாருங்கள். கருத்தே இருக்காது. ஐ.எம். விஜயன் மூன்று முறை வாங்கினார். எந்தெந்த வருஷம் என்று தேடினால் ஒரு பட்டியல் ஒருவிதமாகச் சொல்லும், இன்னொன்று வேறுவிதமாகச் சொல்லும். 1956இல் டி ஸ்டெஃபானோ எத்தனை புள்ளியில் தோற்றார் என்று தெரிகிறது. தொண்ணூறுகளில் நம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் எந்த வருஷம் சிறந்தவராக இருந்தார் என்பதில் குழப்பம்.

2023இல் அந்த ஆண்கள் விருதின் கடைசி மூவரில் ஒரு சென்னைப் பையன் இருந்தார், நந்தகுமார் சேகர். ஒடிசாவுக்கு ஆடி சூப்பர் கப் வாங்கிய பருவம். விருது மிசோரமின் லாலியன்சுவாலா சாங்தேவுக்குப் போனது. கொஞ்ச நாளில், 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தாவில் டுராண்ட் கப். நந்தகுமார் அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை வென்றது. நாலரை வருஷமாக அந்த டெர்பியை ஜெயிக்காத கூட்டம், அந்த ராத்திரி கொல்கத்தாவில் பாதி ஊர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. சாங்தேவா நந்தகுமாரா என்ற கேள்வியை அவர் பிறந்து வளர்ந்த ஊர் கேட்டதா? கேட்கவில்லை. சாங்தேவுக்குக் கொடுத்தது சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சரி என்று சொல்லக்கூட இங்கே ஆள் இல்லை.

இந்துமதி விஷயத்தில் சண்டைக்கான பொருள் தட்டில் வைத்துத் தந்த மாதிரி இருந்தது. அதற்கு முந்தைய ரெண்டு வருஷமும் விருதை வாங்கியவர் பஞ்சாபின் மணீஷா கல்யாண். 2021இல் பிரேசிலுக்கு எதிராக கோல் அடித்தவர். ஐரோப்பாவில் பெண்களுக்கான சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர். ஓடுவார், திருப்புவார், கண்ணுக்குத் தெரியும் ஆட்டம். இந்துமதி நடுவில் நின்று ஆட்டத்தைக் கோக்கிறவர். உள்ளூர் லீகில் ஆடியவருக்குக் கொடுக்கலாமா, வெளிநாட்டில் ஆடியவருக்கா? கோலைப் பார்ப்பதா, கோலுக்கு முந்தின மூணு பாஸைப் பார்ப்பதா? ரோட்ரியா வினிசியஸா என்ற அதே கேள்வி, நாலு மாசம் முன்னாடியே, நம்ம ஊர்ப் பெயரில் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

சாட்சி இல்லாத விருது என்ன செய்யும் என்பதற்கு நான் தொலைவில் போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம்.

வி.பி. சத்யன் கண்ணூர்க்காரர். கேரளா போலீஸ் அணியில் பெயரெடுத்து, பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கிக்கு ஆடினார், அங்கேயே வேலை, அங்கேயே பயிற்சி. 1992இல் கோயம்புத்தூரில் சந்தோஷ் டிராபியைக் கேரளத்துக்காகத் தூக்கிய கேப்டன். 1995 டிசம்பரில் இதே சென்னையில், தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், பங்களாதேஷை வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியின் கேப்டன். நான் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் தொண்ணூறுகளில் வாங்கியவர். காயங்கள், அதற்குப் பின் நீண்ட மனச்சோர்வு. 2006 ஜூலை 18ஆம் தேதி பல்லாவரம் ரயில் நிலையத்தில் அவர் தன் வாழ்க்கையை முடித்துக்கொண்டார். வயது 41. மாத்யூஸ் முதல் தங்கப்பந்தை வாங்கிய வயது.

ஒரு மனிதரின் மரணத்துக்கு ஒரே காரணத்தை ஒட்டுவது அயோக்கியத்தனம், நான் ஒட்ட மாட்டேன். அவர் மரணத்துக்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2018இல் அவரைப் பற்றி 'கேப்டன்' என்று ஒரு படம் வந்தது, ஜெயசூர்யா நடித்தது, மலையாளத்தில். கேரளம் அவரைப் பற்றி இன்றைக்கும் வாதாடுகிறது: எந்தப் போட்டி பெரிது, காயத்தோடு ஏன் ஆட வைத்தார்கள், விஜயனா சத்யனா. அவர் வாழ்ந்து, ஆடி, வேலை பார்த்து, இறந்த ஊர் நம்முடையது. அந்த நடைமேடையைத் தினம் கடந்து போகிற லட்சம் பேரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? தங்கம் வாங்கிய அந்த இறுதிப்போட்டி நேரு ஸ்டேடியத்தில், நம் கண்முன் நடந்தது. அதைப் பற்றித் தமிழில் உட்கார்ந்து படிக்க நீளமாக ஒரு நல்ல கட்டுரையை எனக்குக் காட்டுங்கள். காட்டினால் உங்கள் டர்ஃப் காசு என்னுடையது.

சைமன் சுந்தர்ராஜ் தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அவர் அடித்தது, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசி கோல். அதற்குப் பிறகு நாம் அங்கே போகவே இல்லை. அந்த கோல் எப்படி விழுந்தது, இடது காலா வலது காலா? நாம் எழுதி வைக்கவில்லை. எழுதாததால் அது கோலாக இல்லாமல் ஒரு வினாடி வினாக் கேள்வியாக மிஞ்சிவிட்டது.

*

இனி உங்கள் பதில்கள். இவற்றையும் நான் கேட்டாகிவிட்டது.

"தரம் இல்ல ப்ரோ." இருக்கலாம். இந்திய ஆண்கள் அணி ஃபிஃபா தரவரிசையில் நூறுக்கு வெளியே. அதனால் நமக்கு ஒரு தண்டனையும் உண்டு: 2022இலிருந்து ஆண்கள் பாலன் டி'ஓருக்கு முதல் நூறு நாடுகளின் பத்திரிகையாளர்களுக்குத்தான் ஓட்டு, பெண்கள் விருதுக்கு முதல் ஐம்பது. அதாவது ராத்திரியெல்லாம் முழித்து நாம் போடும் சண்டைக்கு அங்கே ஒரு ஓட்டு மதிப்புகூட இல்லை. நம் வாதம் செல்லுபடியாகக்கூடிய ஒரே விருது இங்கே இருக்கிறது. அதைத்தான் தரம் இல்லை என்று தள்ளிவைத்திருக்கிறோம். தரம் குறைந்த இடத்திலும் ஒருவர் மற்றவரைவிட நன்றாக ஆடுகிறார், அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கண் வேண்டும். ஐடானா பொன்மதி நன்றாக ஆடுகிறார் என்று சொல்ல ரசிகன் தேவையா? அவர் 2023, 2024, 2025 என்று மூன்று முறை தொடர்ந்து வாங்கிவிட்டார், நீங்கள் சொல்லாமலே.

"எங்க பாக்குறது?" இந்தியப் பெண்கள் லீக் ஆட்டங்கள் பல பருவங்களில் யூடியூபில் இலவசமாக ஓடியிருக்கின்றன. கேமரா சுமார், கமெண்டரி சுமார், ஒத்துக்கொள்கிறேன். மதுரையின் சேது எஃப்சி 2019இல் அந்த லீகையே ஜெயித்தது. 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனார்கள். 2025 ஜூலை 5, தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள், ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். ஆண்கள் பக்கம் அதே மாதம் ஐஎஸ்எல் பருவமே நிறுத்திவைக்கப்பட்டது, சென்னையின் எஃப்சி கொஞ்ச நாள் கடையைச் சாத்தியது. அப்போது எல்லாரும் "இந்தியன் ஃபுட்பால் செத்துப்போச்சு" என்று ஸ்டேட்டஸ் போட்டோம். செத்துப்போனது என்று சொல்ல அது உயிரோடு இருந்தபோது பார்த்திருக்க வேண்டும்.

"பொண்ணுங்க மேட்ச்சுன்னா சும்மா சப்போர்ட் பண்ணலாமே, எதுக்கு விமர்சனம்?" எனக்கு ரொம்பக் கோபம் வருவது இந்த நல்லெண்ணத்தின்மீதுதான். வினிசியஸை நீ திட்டுகிறாய், ஏனென்றால் அவனை ஆட்டக்காரனாக நினைக்கிறாய். இந்துமதியை வாழ்த்துகிறாய், ஏனென்றால் அவரை ஒரு 'சாதனை'யாக நினைக்கிறாய். சாதனைக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடலாம். சான்றிதழ் ஃபைலில் போகும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நகல் எடுக்கப் பயன்படும். ஆட்டக்காரிக்கு வேண்டியது அது இல்லை. எழுபதாவது நிமிஷம் அந்தப் பந்தை ஏன் இடதுபக்கம் கொடுத்தாய், வலதுபக்கம் ஆள் காலியாக நின்றாளே என்று கேட்கிற ஒரு ரசிகன் வேண்டும். அந்தக் கேள்வியில் இருக்கிற மரியாதை எந்தச் சால்வையிலும் கிடையாது.

*

2025க்கான பெண்கள் விருதை தெலங்கானாவின் சௌமியா குகுலோத் வாங்கினார். அடுத்ததும் வரும். வரும்போது தயவுசெய்து வாழ்த்தாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு பருவம், பத்தே பத்து ஆட்டம் பாருங்கள். ரோட்ரியைப் பார்த்த அதே கண்ணால். ஒரு நோட்டிலோ போனிலோ எழுதி வையுங்கள்: தேதி, யார் ஆடினார்கள், யார் பந்தை இழந்தார்கள், யார் மீட்டார்கள். பிரான்ஸ் ஃபுட்பால் செய்ததும் இதைத்தான், அவர்களிடமும் ஆரம்பத்தில் பேனாவும் பிடிவாதமும்தான் இருந்தன. தமிழில் கவிதைக்கும் சினிமாவுக்கும் இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவர்களில் பத்துப் பேர் இதைச் செய்தால், ஐந்து வருஷத்தில் இந்த ஆட்டத்துக்கு ஒரு நினைவு இருக்கும்.

பிறகு அறிவிப்பு வரட்டும். யார் பெயர் வந்தாலும் சரி, வாட்ஸப் குழுவில் முதல் ஆளாகப் போய் எழுதுங்கள்: "தப்பு. இந்த வருஷம் இது வேற ஒருத்திக்குப் போயிருக்கணும்." பெயரைச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள். யாராவது "லூசாடா நீ" என்று பதில் போட்டால், அன்றைக்குத்தான் அந்த விருதுக்கு முதல்முறையாக ஒரு மதிப்பு வந்திருக்கிறது.